ஓசூர்த் தொழிற்சாலைக்காரர்கள் அரசுப் பள்ளிக்கு வந்து என்ன செய்கிறார்கள், எதற்காக?

ஆலையில் வேலை பார்க்கும் பொறியாளரோ டெக்னீஷியனோ காசு வாங்காமல் தன் நேரத்தைப் பள்ளிக்குக் கொடுப்பதுதான் இது. நுண்ணிய அளவுகளை எடுக்கும் வெர்னியர் காலிப்பர் கருவியைப் பிடித்து அளப்பது, இயந்திர வரைபடத்தைப் படிப்பது, ஐடிஐ படித்தால் எங்கே போகலாம், டிப்ளமோ படித்தால் எங்கே போகலாம் என்பதையெல்லாம் சொல்லித்தருவார்கள்.

காரணம் எளிது. அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் எல்லாம் 1980களிலிருந்தே ஓசூரில் இருக்கின்றன. ஆனால் அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்துப் பிள்ளைகள் பலருக்கு அந்த ஆலைகளின் கேட் மட்டும்தான் தெரியும். எனக்கு வருத்தம் தரும் விஷயம் இது. பாடப்புத்தகத்தில் அளவைப் படிப்பது வேறு, கையால் அளந்து பழகுவது வேறு. ஆலையில் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு பிசகினாலே பேரிங் (சுழலும் தண்டைத் தாங்கும் பாகம்) சரியாக உட்காராமல் போகலாம். அந்தக் கவனம் ஒரு வாரப் பயிற்சியில் வந்துவிடாது. மாணவர்களின் படிப்புக்கும் வேலைத் திறனுக்கும் தமிழக அரசு 2022இல் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டம் வழிகாட்டுகிறது, சரி. கூடவே தினமும் அந்த வேலையைச் செய்கிற ஒருவர் எதிரே நின்று காட்டினால்தான் பிள்ளைக்கு நம்பிக்கை வரும்.

ஆலைக்கும் லாபம் உண்டு: இன்று சொல்லித்தருகிற பிள்ளைகளில் சிலர் நாளை தேர்ந்த தொழிலாளியாக வரலாம். மாங்கன்று நடுகிறவர் காய்ப்புக்குச் சில வருடம் முன்பே தண்ணீர் ஊற்றுகிறார் அல்லவா, அதே கணக்குதான்.

அப்புறம், பிள்ளைகளைச் சீக்கிரமே வேலைக்கு இழுக்கும் ஏற்பாடு இது என்று சிலர் பயப்படுகிறார்கள். அந்தப் பயம் வேண்டாம்: 14 வயது நிரம்பாதவர்களை ஆலை வேலைக்கு வைப்பது சட்டப்படி குற்றம், இந்த வகுப்புக்கு வந்த மாணவர் அந்த நிறுவனத்தில் சேர வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது.