சிப்காட் வேலைய விட்டுட்டு, பிஎஃப் பணத்தையும் தானம் பண்ணிட்டு குருமடம் (கத்தோலிக்க குருவாகப் படிக்கிற இடம்) போகலாமான்னு கேட்டவருக்கு

வேலைய இப்ப விடாதீங்க ப்ரதர். படிப்பு லோன் பாக்கி இருக்குன்னு நீங்களே எழுதியிருக்கீங்க, துறவற சபைன்னா கத்தோலிக்க திருச்சபையோட திருச்சட்டம் 644 படி அடைக்க முடியாத கடன் உள்ளவங்கள நவதுறவகத்துல (துறவிகளோட ஆரம்பப் பயிற்சில) சேர்க்கவே கூடாது. துறவற சபையில சேராம மறைமாவட்ட குருவாகணும்னா பங்கு சாமியார் மூலமா புதுவை-கடலூர் உயர்மறைமாவட்டத்துல இறையழைத்தல் (குருவாக விரும்புறவங்க விஷயம்) பாக்குற ஃபாதர போய் பாருங்க.

தியானம் முடிஞ்ச கையோட தோணுனதுன்னா கடவுளோட அழைப்பாவும் இருக்கலாம், சிப்காட் நைட் ஷிஃப்ட் அலுப்பாவும் இருக்கலாம் (எனக்கென்னவோ ரெண்டும் கலந்துதான்னு படுது).

எதுன்னு செக் பண்ணனும்னா, பங்குல ஏழைகளுக்கு உதவுற வின்சென்ட் தே பவுல் சபைக்காரங்களோட சேர்ந்து ஏழை வீடுகளுக்குப் போங்க, பிஎஃப் பணத்த மொத்தமா தானம் பண்றேன்னு நிக்காம மாசாமாசம் அரிசி மளிகைன்னு குடுங்க, சலிப்பு தட்டுனப்புறமும் போகத் தோணுதான்னு பாருங்க.

அம்மாவுக்கு வேற ஆதரவு இல்லன்னா அத அந்த ஃபாதரோட முதல் சந்திப்புலயே சொல்லிடுங்க, மறைக்காதீங்க.