வெளிநாடு வந்து பாடுபட்ட அப்பாவுக்கு எப்படி மரியாதை செய்வது?

உங்கள் அப்பா இன்னும் இருக்கிறார் என்று நினைக்கிறேன். அப்படியானால் முதலில் அவர் இங்கே என்னென்ன வேலை செய்தார் என்று கேட்டு, அவர் சொல்கிறபடியே எழுதி வையுங்கள். பரிசு, விழா எல்லாம் அப்புறம் பார்க்கலாம்.

என் அப்பா யாழ்ப்பாணத்தில் காங்கேசன்துறை சீமெந்து ஆலையில் ஃபிட்டர். 1987இல் காணியை ஈடு வைத்து ஏஜென்சிக்குக் காசு கட்டி ரொறன்ரோ வந்தார். அகதி கோருபவரை நேரில் விசாரிக்காமல் மறுக்கக் கூடாது என்று கனடா உச்ச நீதிமன்றம் 1985இல் தீர்ப்புச் சொல்லியிருந்தது. அதனால்தான் அவர் பேச்சைக் கேட்க ஆள் இருந்தது. 1990இல் போரினால் ஆலையும் மூடப்பட்டது. திரும்பிப் போனாலும் வேலை இல்லை. இரவில் ஒரு ரெஸ்ரோரன்டில் கோப்பை கழுவினார்.

நாங்கள் 1993இல்தான் வந்து சேர்ந்தோம். விமான நிலையத்தில் என் கன்னத்தைத் தடவிய கை சொரசொரவென்று இருந்தது. சவர்க்காரமும் சுடுதண்ணீரும் தின்று நகக்கண் எல்லாம் வெடித்திருந்தது. வீட்டில் தண்ணீர் குடிக்கும்போதும் கிளாஸை லைட்டுக்கு நேரே தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் குடிப்பார்.

2019இல் போய்விட்டார். என் வேலையிடத்தில் மூன்று நாள்தான் லீவு. 31ஆம் நாள் அந்தியேட்டிச் சடங்கு இருக்கிறது என்று எத்தனை தடவை விளக்குவது? இந்த ஊரில் எங்கள் சனம் இவ்வளவு பேர் இருந்தும் இதுதான் நிலைமை. சரி, அதை விடுங்கள்.

நினைவு மலருக்கு "கோப்பை கழுவி எங்களை வளர்த்தார்" என்று எழுதிக் கொடுத்தேன். அச்சாகி வந்தபோது "கனடாவில் பணிபுரிந்தவர்" என்று இருந்தது. சொந்தக்காரர் ஒருவர் மாற்றிவிட்டார். குடும்பத்துக்குக் குறைவாம். அந்தக் கோப்பை கழுவின காசில்தான் மாமிமார் இரண்டு பேருக்கும் கலியாணம் நடந்தது. அப்போது யாருக்கும் குறைவாகத் தெரியவில்லை.

வீட்டு விஷயத்தை ஏன் வெளியில் பேசுகிறாய் என்று கேட்பீர்கள். மாற்றியவர் மேல் எனக்கு இன்றும் மரியாதை உண்டு, நல்லது நினைத்துத்தான் செய்தார். ஆனால் அந்த ஒரு வரியோடு அப்பாவின் 17 வருட இரவுகளும் போய்விட்டன. அதை என்னால் தாங்க முடியவில்லை.

ஒரு வருடம் முடிந்து வந்த ஆட்டைத் திவசத்துக்கு நானே ஒரு தாள் அடித்தேன். "1987 முதல் 2004 வரை இரவில் கோப்பை கழுவினார்" என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தேன். அம்மா கண்ணாடியை மாட்டி வாசித்துவிட்டு, "பகலில ஒபிஸ் கூட்டினதை விட்டிட்டாய், அதையும் போடு" என்றார்.