வகுப்பில் வரும் ஆங்கில இலக்கணம், வாயில் வராதது ஏன்? – கேள்வி பதில்

மண்டபம் ஆசிரியை: டீச்சர், ‘ஹி கோஸ், ஷி கோஸ்’ என்று வகுப்பே கோரஸாகச் சொல்கிறது. வெளியே வந்தால் ‘மை ஃபாதர் கோ’ என்கிறார்கள். என்ன செய்ய?

கோரஸில் பாதிப் பேர் வாயை மட்டும்தான் அசைப்பார்கள். மீதிப் பேரும் அர்த்தம் தெரியாமலே சொல்லிவிடலாம், அதுதான் சிக்கல். மொழி கற்பித்தல் ஆய்வாளர் கிறிஸ்டினா பால்ஸ்டன் 1970-இல் இப்படித் திரும்பத் திரும்பச் சொல்லும் பயிற்சிகளை மூன்றாகப் பிரித்தார்: புரியாமலே செய்யக்கூடியது, புரிந்தால்தான் செய்ய முடிவது, கேட்பவருக்குத் தெரியாத செய்தியைச் சொல்வது. முதலாவது ஐந்து நிமிடம் போதும். சீக்கிரம் மூன்றாவதுக்குப் போய்விடுங்கள்.

உங்கள் ஊரில் அதற்குப் பஞ்சமே இல்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், நாட்டுப்படகுக்குத் தடை கிடையாது. ‘வாட் டஸ் யுவர் ஃபாதர் டூ இன் மே?’ என்று பக்கத்துப் பிள்ளையைக் கேட்கச் சொல்லுங்கள். ஒரு வீட்டில் ‘ஐ திங்க் ஹி மெண்ட்ஸ் நெட்ஸ்’, இன்னொரு வீட்டில் ‘ஹி கோஸ் டு சீ’ என்று வரும். அப்புறம் கேட்ட பிள்ளை எழுந்து, அதை வகுப்புக்குச் சொல்ல வேண்டும். ‘கோஸ்’, ‘மெண்ட்ஸ்’ கடைசியில் வரும் அந்த ‘எஸ்’ விட்டுப்போனால் அங்கேயே பிடியுங்கள்.

பாம்பன் ஆட்டோ ஓட்டுநர்: மேடம், ‘வேர் யூ ஆர் கோயிங்?’ என்றுதான் எனக்கு வருகிறது.

சவாரிக்கு அது போதும் அண்ணே, யாரும் இறங்கிப் போய்விட மாட்டார்கள். ‘வேர் ஆர் யூ கோயிங்?’ என்று திருத்த நினைத்தால், ஸ்டாண்டில் காத்திருக்கும்போது இதைச் செய்யுங்கள். நண்பர் பதிலை மட்டும் சொல்லட்டும், கேள்வியை நீங்கள் பிடிக்க வேண்டும். அவர் ‘1914’ என்றால், ‘வென் டிட் தி ஓல்ட் பிரிட்ஜ் ஓபன்?’ அவர் ‘ட்வென்டி டூ’ என்றால், ‘ஹௌ மெனி தீர்த்தம்ஸ் ஆர் தேர் இன் த டெம்பிள்?’ ‘டிட்’, ‘ஆர்’ எல்லாம் ஆளுக்கு முன்னால் வந்து உட்காரப் பழகிவிடும்.

கீழக்கரை மாணவி: டியூஷன் எடுக்கிறேன் அக்கா. பேசும்போதே தப்பைத் திருத்தலாமா?

இலக்கணப் பயிற்சி என்றால் உடனே திருத்தலாம். கதை சொல்கிறாள் என்றால் முடிக்கட்டும். ‘யெஸ்டர்டே ஐ கோ’ என்றால், ‘யெஸ்டர்டே ஐ…?’ என்று இழுத்து நிறுத்து. பெரும்பாலும் அவளே ‘வென்ட்’ என்பாள். வராவிட்டால் நீ சொல்லிக்கொடு, பாடம் நடத்தாதே.

தொண்டி வாசகர்: பரீட்சையில் இலக்கணம் சரி, பேசினால் திக்குகிறது.

ஒரே விஷயத்தை மூன்று பேரிடம் சொல்லுங்கள்: முதலில் 4 நிமிடம், அப்புறம் 3, அப்புறம் 2. ஆள் மாறியே ஆக வேண்டும். ஒருவரிடமே சொன்னால் இரண்டாம் தடவையே கொட்டாவி விடுவார்.

ஏர்வாடி வாசகர்: செல்போன் செயலி போதாதா?

சொற்களுக்குப் போதும். எதிரில் ஒருவர் புரியாமல் முழிப்பதற்கு ஆள்தான் வேண்டும்.