சுவாஹிலியை எடுத்துவிடுங்கள், ஹௌசா இருக்கட்டும்
வணக்கம். அரபுச் சொற்கள் நிறைய இருப்பதால் கிழக்கு ஆப்பிரிக்க மொழியான சுவாஹிலியை, அரபி இடம்பெறும் ஆப்பிரோ-ஆசிய மொழிக்குடும்ப வரைபடத்தில் சேர்த்துவிட்டதாகவும், மேற்கு ஆப்பிரிக்க மொழியான ஹௌசாவையும் சேர்க்கலாமா என்றும் எழுதியிருந்தீர்கள்.

சுவாஹிலி பாண்டு மொழி, அதாவது வேறொரு ஆப்பிரிக்க மொழிக்குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் எண்களைப் பாருங்கள்: 6, 7, 9 (சீத்தா, சபா, தீசா) அரபியிடம் வாங்கியவை. மோஜா, ம்பிலி, தாத்து என்ற 1, 2, 3 சொந்தச் சரக்கு.

ஹௌசா விஷயம் வேறு. 'உன் பெயர்' என்பதற்கு ஆணிடம் சூனன்கா, பெண்ணிடம் சூனன்கி. அரபியில் இஸ்முக, இஸ்முகி! சொற்களைக் கடன் வாங்குவது சகஜம். இப்படி -கா, -கி என்ற விகுதியையே வாங்குவது அபூர்வம்; எனவே இது குடும்ப உறவைக் காட்டுகிறது. எனக்கு மிகவும் பிடித்த சான்று இது.

அப்புறம், செமிட்டிக், எகிப்தியம், பெர்பர், குஷிட்டிக், சாடிக் கிளைகளில் ஹௌசா சாடிக்கில் வரும். ஓமோட்டிக் கிளைக்குப் புள்ளிக்கோடு போடுங்கள்; அது இக்குடும்பம்தானா என்பதில் அறிஞர்களிடையே இன்னும் கருத்து வேறுபாடு இருக்கிறது.