சிவப்பு ஆப்பின் வேகம்

கேள்வி: ரஷ்ய ஓவியர் எல் லிஸிட்ஸ்கியின் ‘சிவப்பு ஆப்பால் வெள்ளையரை அடி’ போஸ்டரைப் பார்த்து, கல்லூரி விழாவுக்கு ஏ3 அளவில் ஒன்று செய்தேன். முக்கோணம், வட்டம், சிவப்பு, கறுப்பு எல்லாம் இருந்தும் அந்த வேகம் வரவில்லை. அச்சில் சிவப்புக்கும் கறுப்புக்கும் நடுவே வெள்ளைக் கோடு வேறு தெரிகிறது. எங்கே பிசகியது?

பதில்: அந்தப் போஸ்டரில் எந்த வடிவமும் அழகுக்காக வைத்ததல்ல. 1919-இல் லிஸிட்ஸ்கி வீதெப்ஸ்க் கலைப்பள்ளியில் ஆசிரியர். அதே ஆண்டு மாலெவிச்சும் அங்கே கற்பிக்க வந்தார். ஆளையோ பொருளையோ வரையாமல், சதுரத்தின் கனம், கோட்டின் சாய்வு இவற்றை மட்டுமே கொண்டு ஓவியம் தீட்டியவர் அவர். லிஸிட்ஸ்கி அந்த வடிவங்களுக்கு வேலை கொடுத்தார்: முக்கோணம் போல்ஷெவிக்குகளின் செம்படை, வட்டம் அவர்களை எதிர்த்த வெண்படை; தலைப்பின் ‘வெள்ளையர்’ இவர்கள்தான். ரஷ்ய உள்நாட்டுப் போர் இரண்டே உருவத்தில் அடங்கிவிட்டது.

முக்கோணத்தின் முனையை உற்றுப் பாருங்கள். வட்டத்தின் விளிம்போடு நிற்காமல் உள்ளே இறங்கியிருக்கிறது. வேகம் அங்கேதான். உங்கள் போஸ்டரில் குத்துவது எது, குத்துப்படுவது எது என்று முதலில் முடிவு செய்யுங்கள். இரண்டிலும் சேராத வடிவத்தை எடுத்துவிடுங்கள். சாய்வுக்கு ஒரே கோணம் போதும். 30 டிகிரி என்றால் எல்லாமே 30, அல்லது அதற்குச் செங்குத்து. எழுத்தை மட்டும் மென்பொருளில் சாய்க்காதீர்கள், சுழிகள் நசுங்கும். வரியை முழுதாகத் திருப்புங்கள். 24 பாயின்ட் எழுத்துக்கு 34 பாயின்ட் வரி இடைவெளி விடுங்கள். இல்லாவிட்டால் மேல்வரி ‘கு’வின் வால் கீழ்வரி ‘கி’யின் தலையில் முட்டும்.

வெள்ளைக் கோடு ரெஜிஸ்டர் விலகியதால், அதாவது தனித்தனியாக அச்சாகும் நிறங்கள் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்தாததால் வருவது. ஈரத்தில் தாள் விரிந்தாலே போதும், இரண்டாம் நிறம் தள்ளி விழும். சிவப்பைக் கறுப்புக்கு அடியில் 0.25 மி.மீ. நீட்டிவிடுங்கள், ஸ்க்ரீன் பிரிண்டிங் என்றால் 1 மி.மீ. வரை. சிறிய கறுப்பு எழுத்தைச் அடியில் சிவப்பை வெட்டாமல் அதன் மேலேயே அச்சிடலாம் (ஓவர்பிரிண்ட்). பெரிய கறுப்புப் பரப்பில் அது வேண்டாம்: சிவப்பு அடியில் இருக்கும் பாதி வேறு கறுப்பாகத் தெரியும். இன்னொன்று, மெஜந்தாவும் மஞ்சளும் கலந்த சிவப்பில் பொடி எழுத்து விளிம்பு மங்கும். தனிச் சிவப்பு மை கேளுங்கள்.

கேள்வி: ஜெர்மனியின் பௌஹவுஸ் வடிவமைப்புப் பள்ளியின் பாணியில் பெரிய எழுத்தே (கேப்பிடல்) கூடாதாமே, தமிழுக்கு என்ன செய்வது?

பதில்: ஒரே ஒலிக்கு எதற்குப் பெரிதும் சின்னதுமாய் இரண்டு எழுத்து என்று கேட்டு, 1925-இல் அந்தப் பள்ளியின் ஆசிரியர் ஹெர்பர்ட் பேயர் சின்ன எழுத்துகள் மட்டும் கொண்ட எழுத்துருவை வரையத் தொடங்கினார். தமிழில் அந்தச் சிக்கலே இல்லை. அங்கிருந்து எடுக்க வேண்டியது வேறு: தடித்த கோடு, இடப்பக்கம் ஒட்டிய வரிகள், தலைப்புக்கும் உடலுக்கும் குறைந்தது மூன்று மடங்கு அளவு வித்தியாசம்.