‘ஊர்வலம்’ என்பதில் உள்ள ‘ஊர்’ எது?

ஊர்வலம் என்ற சொல் எப்படி வந்தது, அதிலுள்ள ‘ஊர்’ ஊர்ந்து போவதைக் குறிக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். ஊர்தல், ஊர்தி எல்லாம் இருப்பதால் அப்படித் தோன்றுவது இயல்புதான். ஆனால் இது நாம் குடியிருக்கும் ஊர்.

அதற்குச் சான்று இந்தச் சொல்லின் உறவுகளிடமே இருக்கிறது. கிரிவலம் என்றால் கிரியைச் சுற்றுவது. திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் நடக்கிறோமே, அது. மன்னர் நகர்வலம் வந்தார் என்றால் நகரைச் சுற்றி வந்தார். வீதிவலமும் அப்படித்தான். எல்லாவற்றிலும் முதலில் நிற்பது சுற்றப்படும் இடம். ஊர்வலமும் அதே வரிசையில் வருவதுதான்.

இனி வலம். கோயிலில் சாமி நம் வலக்கைப் பக்கம் இருக்கும்படி பிராகாரத்தைச் சுற்றுகிறோம் அல்லவா, அந்த வலம்தான். சிலப்பதிகாரம் தொடக்கத்திலேயே ஞாயிறு ‘மேரு வலம் திரிதலான்’ என்று போற்றுகிறது. எனக்கு இன்னும் பிடித்தது ஆண்டாள் சொல்வது. கனவில் திருமணம் முடிந்து மணமக்கள் யானை மேல் போகிறார்கள்: ‘மங்கல வீதி வலம்செய்து’. நாம் இன்று கல்யாண ஊர்வலம் என்கிறோமே, அதே காட்சி. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அங்கே வலமும் இருக்கிறது, வீதியும் இருக்கிறது.

இந்தச் சொல்லைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் சித்திரைத் திருவிழாவில் மதுரை மாசி வீதிகளுக்குப் போங்கள். தேர் கீழமாசி வீதியில் கிளம்பி, தெற்கு, மேற்கு, வடக்கு என்று நான்கு வீதியும் சுற்றி மறுபடி கீழமாசி வீதிக்கே வந்து நிற்கும். அதை ‘தேர் நிலைக்கு வந்தது’ என்பார்கள். மூலையில் திருப்புவதுதான் பெரிய வேலை. சக்கரத்துக்கு அடியில் கட்டையைக் கொடுத்து, எடுத்து, மறுபடி கொடுத்துத் திருப்புவார்கள். ‘முட்டுக்கட்டை’ என்று பேச்சில் சொல்கிறோமே, அந்தக் கட்டைதான். யாழ்ப்பாணத்திலும் அப்படியே, நல்லூர்த் திருவிழாவில் முருகன் வெளிவீதி வலம் வருவார்.

ஆக, கிளம்பிய இடத்துக்கே திரும்புவது என்பது இந்தச் சொல்லுக்குள்ளேயே இருந்த பொருள். இன்று அது தேய்ந்துவிட்டது. கட்சி ஊர்வலம் ஓர் இடத்தில் தொடங்கி வேறோர் இடத்தில் பொதுக்கூட்டமாக முடியும். இறுதி ஊர்வலம் சுடுகாட்டோடு நின்றுவிடும். இதைத் தவறு என்று நான் சொல்லமாட்டேன். ஊரார் பார்க்கும்படி கூட்டமாகப் போவது என்ற பொருள் மிஞ்சி நிற்கிறது, அது போதும். ஆனால் பேச்சில் ஒரு தடயம் இன்னும் இருக்கிறது, கவனித்துப் பாருங்கள். சாமி ஊர்வலம் ‘வரும்’. கட்சிக்காரர்கள் ஊர்வலம் ‘போவார்கள்’.

அப்புறம், எங்கே எதை எழுதுவது? பெருமாள் கோயில் என்றால் புறப்பாடு என்பதே வழக்கம். வேளாங்கண்ணி போன்ற மாதா கோயில்களில் தேர் பவனி. நாகூரில் சந்தனக்கூடு ஊர்வலம். உலா என்பது இலக்கிய வாடை உள்ள சொல். தலைவன் வீதியில் வர, பேதை முதல் பேரிளம்பெண் வரை ஏழு பருவத்துப் பெண்களும் பார்த்து மயங்குவதாகப் பாடும் சிற்றிலக்கிய வகைக்கே அந்தப் பெயர். சாமிக்கு வீதியுலா என்று இப்போதும் அழைப்பிதழில் அச்சடிக்கிறார்கள். கோரிக்கை வைத்து அணிதிரண்டு போவதற்குப் பேரணி பொருத்தமான சொல். அங்கே ஊர்வலம் என்று எழுதினாலும் யாரும் குறை சொல்லமாட்டார்கள்.

‘ஊர்வளம்’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். பல சுவரொட்டிகளில் அப்படிப் பார்க்கிறேன். அது ஊரின் செழிப்பு என்றாகிவிடும்.