தூங்கியது யார்?

அன்புள்ள ஐயா,

லினக்ஸில் ஒரு பிசிஐ கார்டுக்கு (கணினியில் செருகும் அட்டை) டிரைவர், அதாவது அதை இயக்கும் நிரல், எழுதுகிறேன். கட்டளை கொடுத்துவிட்டு, கார்டு தன் நிலையைக் காட்டும் ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டரில் 'ரெடி' பிட் 1 ஆகும்வரை லூப்பில் காத்திருக்கிறேன். 10 மில்லிசெகண்டில் வராவிட்டால் டைம்அவுட். லோடு ஏறினால் அடிக்கடி டைம்அவுட் ஆகிறது. 50 ஆக்கினேன், குறைந்தது, போகவில்லை. ஹார்டுவேர் கோளாறுதானே? எவ்வளவு வைக்கலாம்? ரஸ்ட் மொழியில் எழுதினால் சரியாகுமா?

– ஒரு வாசகர்

அன்புள்ள தம்பிக்கு,

ரஸ்டை விடுங்கள். மெமரியில் தப்பாகக் கைவைத்தால் அது தடுக்கும். காத்திருக்கத் தெரியாத லூப்பை அது என்ன செய்யும்?

ஹார்டுவேர் மேல் பழி போட்டீர்களே, அங்கேதான் கோபம் வந்தது. பாவம், அது 2 மில்லிசெகண்டிலேயே வேலையை முடித்திருக்கலாம். உங்கள் லூப் பிட்டைப் பார்க்கிறது, வரவில்லை. சரியாக அந்த இடத்தில் எந்த வேலை எப்போது ஓடலாம் என்று முடிவுசெய்யும் ஷெட்யூலர், உங்கள் லூப் ஓடும் திரெட்டை ஓரங்கட்டிவிட்டு வேறொன்றை ஓட்டுகிறது. திரும்பி வரும்போது 60 மில்லிசெகண்ட் போய்விட்டது. வந்ததும் உங்கள் லூப் கடிகாரத்தைப் பார்த்து, நேரமாகிவிட்டது என்று பிழையை நீட்டுகிறது. ரெஜிஸ்டரை மறுபடி பார்த்ததா? இல்லை. தூங்கியது லூப், திட்டு கார்டுக்கு!

நேரம் முடிந்தது என்று தெரிந்த பிறகு இன்னொரு முறை ரெஜிஸ்டரைப் படியுங்கள். அப்போதும் பிட் இல்லையென்றால்தான் பிழை. லினக்ஸின் மையமான கெர்னலிலேயே இருக்கும் 'ரீட்எல் போல் டைம்அவுட்' (readl_poll_timeout) இதைத்தான் செய்கிறது, திறந்து படித்தீர்களா? கையால் லூப் எழுதுகிறவர்கள் விட்டுவிடுவது பெரும்பாலும் இந்த ஒரு வரியைத்தான். இன்டரப்டை மூடி, ஷெட்யூலர் குறுக்கே வராமல் தடுத்துவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். விர்ச்சுவல் மெஷினில், அதை நடத்தும் ஹைப்பர்வைசர் உங்கள் சிபியுவையே நிறுத்தி வைக்கும்.

கடிகாரமாவது பார்க்கிறீர்கள், அதுவரை நிம்மதி. சுற்றுகளை எண்ணி நேரம் கணித்த காலம் ஒன்று உண்டு. டர்போ பாஸ்கல் என்ற பழைய நிரல்மொழிக் கருவியின் சிஆர்டி யூனிட் (திரை, தாமதம் முதலியவற்றுக்கான நூலகம்), தொடக்கத்திலேயே சுமார் 55 மில்லிசெகண்டில் எத்தனை சுற்று ஓடுகிறது என்று எண்ணி 55ஆல் வகுக்கும். பிராசஸர்கள் 200 மெகாஹெர்ட்ஸை ஒட்டி வேகமெடுத்ததும் விடை 16 பிட்டுக்குள் அடங்கவில்லை. நிரலின் முதல் வரி ஓடும் முன்பே 'ரன்டைம் எரர் 200', அதாவது பூஜ்யத்தால் வகுத்தல்; விடை அடங்காவிட்டாலும் பிராசஸர் அதே பிழையைத்தான் எழுப்பும். இல்லாத பூஜ்யத்தை நிரல் முழுக்கத் தேடியிருக்கிறோம்.

எவ்வளவு வைப்பதா? கார்டின் விவரக்குறிப்பான டேட்டாஷீட்டில் அதிகபட்ச நேரம் போட்டிருக்கும். அதைவிடத் தாராளமாக வையுங்கள். அப்புறம், கார்டு கழன்றுபோனால் ரெஜிஸ்டரில் படிப்பதெல்லாம் பொதுவாக ஒன்றுகளாகவே வரும். 'ரெடி' பிட்டும் 1 தான், லூப் சந்தோஷமாக வெளியே வந்துவிடும். எல்லாமே ஒன்றா என்று தனியாகச் சோதியுங்கள்.